பழைய டாய்லெட்டைத் தெருவில் வைப்பதற்கு முன்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அண்மையில் அமெரிக்காவில் பழைய வீடு வாங்கிய ஒரு தம்பி இரண்டு படங்கள் அனுப்பினார். படத்தில் இருந்த இரண்டு குளியலறைகளிலும் பளிச்சென்று புது டாய்லெட். "அண்ணா, பழைய டாய்லெட்டை மாற்றித் தண்ணீர் சிக்கன வகை வைத்தால், தண்ணீர் வாரியம் ஒவ்வொன்றுக்கும் நூறு டாலர் திருப்பித் தருகிறதாம். இன்றிரவே விண்ணப்பித்துவிடப் போகிறேன்" என்று கீழே ஒரு குறிப்பு. பழையவை எங்கே என்று கேட்டேன். "காலையிலேயே குப்பை லாரி எடுத்துப் போய்விட்டது" என்றார்.

தலையில் கை வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். அதன் பிறகு சொந்த வீடு, வாடகை வீடு, உறவினர் வீடு என்று பதினொரு டாய்லெட்டுகளை மாற்றி, பெரும்பாலானவற்றுக்குப் பணமும் வாங்கிவிட்டேன். வீட்டில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

அளந்து பார்க்காமல் வாங்குவது, டாய்லெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் பழைய மெழுகு வளையத்தையே மறுபடி பொருத்துவது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அவற்றைத் தரையில் தேங்கும் தண்ணீரே சொல்லிக்கொடுத்துவிடும். இங்கே சொல்லப்போவது வாரியத்தின் பணத்தைக் கோட்டைவிட வைக்கும் தவறுகளை.

அனுமதி வருவதற்கு முன் கடைக்குப் போவது

நான் செய்தது இதுதான். நீண்ட வார இறுதி, கடையில் தள்ளுபடி. மூன்று டாய்லெட்டுகளை வாங்கி வந்து, மைத்துனரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரே நாளில் மாட்டினேன். பழைய மூன்றையும் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டேன். அந்தப் பெருமிதத்தோடு விண்ணப்பத்தைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது: வாங்குவதற்கு முன் அனுமதி பெற வேண்டும், பழைய டாய்லெட்டை எங்கள் ஆள் வந்து பார்க்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பாட்டி சும்மா சொல்லவில்லை.

ரசீது அனுப்பினேன். புது டாய்லெட்டின் படம் அனுப்பினேன். உடைந்த பீங்கான் துண்டு ஒன்று தோட்டத்தில் கிடந்தது, அதையும் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து இரண்டு வரியில் மறுப்புக் கடிதம் வந்தது. அந்த இரண்டு வரி இன்றும் உறுத்துகிறது, ஏனென்றால் தவறு முழுக்க என்னுடையது.

அப்போது அநியாயம் என்று கத்தினேன். பிறகுதான் கணக்குப் புரிந்தது. வாரியம் பணம் கொடுப்பது மிச்சமாகும் தண்ணீருக்கு. அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டத்தின்படி, 1994 ஜனவரி முதல் தயாரிக்கப்படும் வீட்டு டாய்லெட்டுகள் ஒரு ஃப்ளஷுக்கு 1.6 கேலனுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அதற்கு முந்தையவை 3.5 கேலன், 1980-களுக்கு முந்தையவை பல 5 கேலனுக்கும் மேலே. இன்றைய சிக்கன வகை 1.28 கேலன்.

நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 20 ஃப்ளஷ் என்று வையுங்கள். 3.5-இலிருந்து 1.28-க்கு மாறினால் ஆண்டுக்குச் சுமார் 16,200 கேலன் மிச்சம். 1.6-இலிருந்து மாறினால் 2,300 சொச்சம்தான். ஆகவே வாரியத்துக்கு உங்கள் புது டாய்லெட்டைவிடப் பழையது எப்படிப்பட்டது என்பதே முக்கியம். அதை உடைத்துவிட்டு வந்து நிற்பவர், வழக்கில் சாட்சியை ஊருக்கு அனுப்பிவிட்டு நீதிமன்றம் போனவர் மாதிரி.

எல்லா ஊரிலும் நேரில் வந்து பார்ப்பதில்லை. சில இடங்களில் படம் போதும், சில இடங்களில் வாங்கிய பிறகு ரசீது அனுப்பினாலே போதும். ஆனால் உங்கள் ஊரின் விதியைப் படிக்காமல் பக்கத்து ஊர்க்காரர் சொன்னதை நம்பாதீர்கள். எப்படியிருந்தாலும், கழற்றுவதற்கு முன் படங்கள் எடுத்து வையுங்கள்: முழு டாய்லெட், தொட்டி மூடியின் அடிப்பக்கமோ தொட்டியின் உட்சுவரோ (தயாரித்த தேதி பெரும்பாலும் அங்கேதான் பதிந்திருக்கும்), இருக்கையின் கீல் அருகே கேலன் அளவு பொறித்த இடம். பணம் கைக்கு வரும்வரை பழையது கராஜில் ஒரு மூலையில் கிடக்கட்டும். பார்க்க அசிங்கம்தான்.

இன்னொன்று: இந்தத் திட்டங்களுக்கு ஒதுக்கப்படும் பணத்துக்கு ஓர் எல்லை உண்டு. தீர்ந்தால் தீர்ந்ததுதான். முன் அனுமதி உள்ள ஊர்களில் அந்த அனுமதியே உங்கள் பங்கை எடுத்து வைக்கும் துண்டு, பஸ் இருக்கையில் போடும் துண்டு போல.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்புவது

"தண்ணீரைச் சேமிக்கும்" என்று 1.6 கேலன் பெட்டியிலும் எழுதியிருக்கும். பெரும்பாலான திட்டங்கள் கேட்பது, 1.28 கேலனைத் தாண்டாத டாய்லெட்டுகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் வாட்டர்சென்ஸ் முத்திரை. சில வாரியங்கள் இன்னும் குறைந்த அளவு கேட்டுத் தனிப்பட்டியல் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள மாடல் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். தொட்டியும் கோப்பையும் தனித்தனிப் பெட்டியில் விற்கும் வகையில் இரண்டு எண்கள் இருக்கும். முத்திரை அந்த ஜோடிக்குத்தான். தள்ளுபடியில் கிடைத்த வேறு தொட்டியைச் சேர்த்தால் சான்றும் இல்லை, பணமும் இல்லை.

சிக்கனம் என்றால் இரண்டு முறை அழுத்த வேண்டும் என்று பயப்படுவது

1990-களின் முதல் 1.6 கேலன் டாய்லெட்டுகள் சம்பாதித்துக் கொடுத்த கெட்ட பெயர் இது. அந்தப் பயத்தில் நம்மவர்கள் நல்ல சிக்கன வகையை விட்டுவிடுகிறார்கள். 2003-இலிருந்து 'மேப்' என்ற சோதனை இருக்கிறது. சோயா பசையை உருட்டிப் போட்டு, ஒரே ஃப்ளஷில் எத்தனை கிராம் போகிறது என்று பார்க்கிறார்கள். (அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது என்ன சொல்லி எடுப்பார்களோ.) வாட்டர்சென்ஸுக்கு 350 கிராம் போதும், 1,000 கிராம் தள்ளும் 1.28 கேலன் வகைகளும் உண்டு. மதிப்பெண்ணைப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரரின் முகத்தைப் பார்த்து வேண்டாம்.

தண்ணீர் பில் ஒருவர் பெயரில், விண்ணப்பம் இன்னொருவர் பெயரில்

திரும்பி வரும்.

தொட்டிக்குள் நீல மாத்திரை

ப்ளீச் கலந்த மாத்திரை, தொட்டியின் அடியில் தண்ணீரை அடைத்து வைக்கும் ரப்பர் மூடியைத் தின்னும். மூடி கசிந்தால் மிச்சம் பிடித்த தண்ணீர் முழுக்க ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடும்.

கைக்கு வருவதை வைத்துச் செலவைக் கணக்கிடுவது

குழாய்க்காரர் கூலிக்கு எந்தப் பொறுப்பும் வாரியம் ஏற்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் டாய்லெட்டின் விலையைத் தாண்டி ஒரு காசும் கிடைக்காது. சில இடங்களில் காசோலையே வராது, அடுத்தடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்கள். தமிழில் தள்ளுபடிக்கும் கழிவு, மற்றதற்கும் கழிவு. எந்தக் கழிவு முதலில் கணக்கில் ஏறும் என்று பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தம்பியின் இரண்டு விண்ணப்பங்களும் எதிர்பார்த்தபடியே திரும்பிவிட்டன. நல்லவேளையாக மாடியில் மூன்றாவது பழையது ஒன்று மிஞ்சியிருக்கிறது. வாரியத்தின் ஆய்வாளர் வரும் செவ்வாய்க்கிழமை வருகிறார். அதுவரை யாரும் ஸ்பேனரோடு மாடி ஏறக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டியிருக்கிறாராம்.