காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டே இசை ரசிகராவது எப்படி: மேடை உடை முதல் மனசைத் தேற்றும் பாட்டு வரிசை வரை

பெரிய இசை நிகழ்ச்சி என்றால் சென்னை, கோவை. மிஞ்சினால் மதுரை, திருச்சி. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இருக்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒன்று வாய்த்தாலே பெரிது. மற்ற நாளெல்லாம் போனும் ஹெட்போனும்தான் மேடை. "டிக்கெட்டுக்குக் காசில்லை, கொரியாவிலிருந்து வருகிற, ரசிகர்கள் கையில் ஆட்டும் லைட் ஸ்டிக் வாங்க வசதியில்லை, நானெல்லாம் என்ன ரசிகை?" என்று அலுத்துக்கொள்ளும் கல்லூரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கீழே சொல்வதற்கெல்லாம் செலவு என்று பார்த்தால் டெய்லர் கூலிதான்.

படி 1: ஒருவரை மட்டும் பிடியுங்கள்

இன்றைக்கு அனிருத், நாளைக்கு கொரியப் பாப் குழு பி.டி.எஸ்., மறுநாள் இளையராஜா என்று தாவினால் எல்லாரையும் தெரியும், ஒருவரையும் தெரியாது. ஒரு மாதத்துக்கு ஒரே ஒருவர். அவருடைய ஆரம்பகாலத்துப் பாட்டு சில, நடுக்காலத்தில் சில, இப்போது வந்தவை சில என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேளுங்கள்: முதல் தடவை குரல், இரண்டாம் தடவை தாளமும் அடியில் ஓடும் பேஸும், மூன்றாம் தடவை வரிகள். சாதாரண ஹெட்போன் போதும்.

யாரை எடுப்பது என்று தெரியாவிட்டால் நம்ம ஊர்க்காரரிலிருந்தே தொடங்கலாம். 2023-இல் மறைந்த மிருதங்க வித்வான் காரைக்குடி மணியின் தனி ஆவர்த்தனம் (கச்சேரியில் தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதி) ஒன்றைக் கேளுங்கள். தாளக் கணக்கு புரியாவிட்டால் குடிமுழுகிப் போகாது. எங்கே வேகம் கூடுகிறது, எங்கே ஒரு நொடி இடைவெளி விட்டு அடிக்கிறார் என்பதை மட்டும் காதில் வாங்குங்கள். மற்ற இசையைக் கேட்கும்போதும் அந்தக் காது உதவும்.

படி 2: சத்தத்தை அணைத்துவிட்டு மேடையைப் பாருங்கள்

பிடித்தவரின் மேடை வீடியோ ஒன்றைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் குறையுங்கள். இப்போது கண்ணுக்கு மட்டும் வேலை. கையில் என்ன, நெற்றியில் என்ன, துணி எந்த நிறம், விளக்கு பட்டால் எது மின்னுகிறது? எல்லாவற்றையும் எழுத வேண்டாம். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் ஆளே மாறிப்போவார் என்று தோன்றுகிற ஒரே ஓர் அடையாளத்தைக் கண்டுபிடியுங்கள்.

இதற்குக் கொரியா வரை போக வேண்டியதில்லை. குன்றக்குடியில் 1935-இல் பிறந்த வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதனின் பழைய கச்சேரி வீடியோவைப் பாருங்கள். நெற்றியை மறைக்கும் விபூதி, நடுவில் காசு அகலத்துக்குக் குங்குமம், விளக்கொளியில் தகதகக்கும் பட்டுச் சட்டை. வில்லை இழுக்கும்போது முகமும் கூடவே வாசிக்கும். பக்கத்தில் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவில். கர்நாடக மேடையில் வயலின் பெரும்பாலும் பக்கவாத்தியமாகவே உட்கார்ந்திருந்த காலத்தில், அதை நடுவில் வைத்து, சினிமாப் பாட்டையும் கலந்து வாசித்துக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தவர் அவர். இதெல்லாம் அலட்டல் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் அந்த நெற்றி தெரிந்தது, அதுதான் விஷயம்.

அவருக்கு முந்தைய காலத்து வீணை வித்வான்கள் காரைக்குடி சகோதரர்கள். அவர்களில் மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை மடியில் கிடத்தாமல் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து வாசித்தார். பழைய படத்தில் தம்பி சாம்பசிவய்யரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், வாசிப்பைக் கேட்பதற்கு முன்பே யார் அண்ணன் என்று சொல்லிவிடலாம். அடையாளம் துணியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னும் சில: எம்.எஸ். சுப்புலட்சுமியின் நீலப் பட்டு. காஞ்சிபுரத்தில் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த அந்த நிறத்தை இன்றும் கடைகளில் எம்.எஸ். புளூ என்றே கேட்கிறார்கள். பாப் பாட்டுப் பாடிக்கொண்டே காஞ்சிப் பட்டும் பெரிய பொட்டும் கை நிறைய வளையலுமாக வந்த உஷா உதுப். வெள்ளையைத் தவிர வேறு நிறத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாத இளையராஜா. 1983-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி மேடையில் ஒரு கையில் மட்டும் மினுங்கும் கையுறையோடு ஆடிய மைக்கேல் ஜாக்சன். எல்லாரிடமும் ஒரே ஒன்றுதான் நினைவில் நிற்கிறது, கவனியுங்கள்.

படி 3: உங்கள் உடையில் அந்த ஒன்றை மட்டும் சேருங்கள்

பிடித்தவரின் உடையை அப்படியே காப்பி அடித்தால் மாறுவேடப் போட்டிக்குப் போகிற மாதிரி ஆகிவிடும். நம்ம துணியில் அவருடைய அடையாளம் ஒன்று, அவ்வளவுதான் சூத்திரம். 2020-இல் கொரியப் பாப் குழுவான பிளாக்பிங்க் பெண்கள் தங்கள் நாட்டு ஹன்போக் உடையை வெட்டி மாற்றித் தைத்து அணிந்து ஆடினார்கள். ஹன்போக்குக்கு அது சரியென்றால் கண்டாங்கிக்கும் சரிதான்.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு, அதில் பெரிய கட்டம், பட்டையான கரை. மேடை விளக்குக்காகவே நெய்தது போல் தூரத்திலிருந்தே கண்ணைப் பிடிக்கும். இதில் முன்பக்கம் திறந்த கோட் ஒன்று தைத்துக்கொண்டால் ஜீன்ஸ் மேல், சுடிதார் மேல், ஆண்கள் என்றால் வெள்ளைச் சட்டை மேல் போட்டுக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவு. நல்ல சேலையை வெட்டாதீர்கள், ஆச்சி மனசு தாங்காது. மடிப்பில் நைந்துபோய், கட்டமுடியாமல் பெட்டியில் கிடக்கிற ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அகல விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நைந்த இடமெல்லாம் சல்லடையாகத் தெரியும். அதையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்குங்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு, இரண்டரை மீட்டர் நல்ல துணி தேறினால் போதும். புதுத் துணியாக இருந்தால் கல் உப்புப் போட்ட தண்ணீரில் இரவு முழுக்கத் தனியாக ஊற வையுங்கள். சாயமும் கொஞ்சம் போகும், துணியும் சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். தைத்த பிறகு சுருங்கினால் கை ஏறிக்கொள்ளும்.

டெய்லரிடம் மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும். "அண்ணே, கரையை வெட்டிப் போட்டுறாதீங்க, கை ஓரத்துக்கும் முன்பக்க ஓரத்துக்கும் அதுதான் வேணும்." இது ஒன்று. பக்கவாட்டுத் தையலில் கட்டம் கட்டத்தோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் கோணலாகத் தெரியும். இது இரண்டு. உள்பக்கம் ஜிப் வைத்த பை ஒன்று, போன் நுழையும் அளவுக்கு. கூட்டத்தில் போன் தொலைத்துவிட்டு அழுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அடையாளத்தைச் சேர்ப்பது கடைசி வேலை. பி.டி.எஸ். ரசிகைகளுக்கு ஊதா. அந்தக் குழுவின் பாடகர் ‘வி’ 2016-இல் ஒரு ரசிகர் சந்திப்பில் ஊதாவைப் பற்றிப் பேசியதிலிருந்து அது அவர்களுடைய நிறமாகவே ஆகிவிட்டது. மஞ்சள் கண்டாங்கிக்கு ஊதா நூலில் காலர் ஓரத் தையல் போடச் சொல்லுங்கள், எடுத்துக் கொடுக்கும். மைக்கேல் ஜாக்சன் பைத்தியமா? ஒரு கை ஓரத்தில் மட்டும் சம்கி. இரண்டு கையிலும் வேண்டாம். தோளில், அக்குளில் சம்கி வைத்தால் பக்கத்தில் நிற்கிறவரையும் கீறும், உங்களையும் கீறும்.

செருப்பைப் பற்றி ஒரே வரி: பழகிய செருப்பு.

படி 4: மனசு சரியில்லாத சாயங்காலத்துக்கு ஒரு பாட்டு வரிசை

மனசு கனத்திருக்கும்போது குத்துப் பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும். இசைச் சிகிச்சையில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் 1948-இல் எழுதியது: கேட்பவரின் மனநிலை எப்படி இருக்கிறதோ அதே மாதிரி இசையில் தொடங்கி, அங்கிருந்து மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். நம்ம பக்கம் ஒப்பாரி வைத்து அழுது முடித்த பெண்கள் அப்புறம்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள், பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள். முதலில் அழுகைக்கு இடம்.

வரிசையில் எட்டு, ஒன்பது பாட்டுக்கு மேல் வேண்டாம். நாற்பது நிமிஷம் வரும்.

முதல் இரண்டு பாட்டு, இப்போது இருக்கிற கனத்துக்குச் சமமானவை. முகாரி, சிவரஞ்சனி, சுபபந்துவராளிச் சாயலில் சினிமாப் பாட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. ராகம் தெரியாவிட்டால் தொண்டை அடைக்கிற பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு மெதுவானவைதான், ஆனால் அழாதவை. ஆனந்தபைரவி இங்கே நன்றாக உட்காரும். தாலாட்டுப் பாணிப் பாட்டும் சரி.

அப்புறம் மூன்று, நான்கு பாட்டுக்கு வேகத்தைக் கூட்டுங்கள். மோகனத்தில் ஒன்று போடுங்கள். சீனா, ஜப்பான் பக்கத்து இசையிலும் கேட்கிற ஐந்து சுர அடுக்கு அது, யார் கேட்டாலும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பிறகு ஹம்சத்வனி. கதனகுதூகலம் வந்தால் கால் தானாகத் தாளம் போடும். வேகத்தை அளக்க எளிய வழி: பதினைந்து நொடிக்கு எத்தனை அடி என்று தொடையில் தட்டி எண்ணி, நாலால் பெருக்குங்கள். அறுபது, எழுபது என்றால் மெதுவானது. நூறைத் தாண்டினால் நடக்க வைக்கும் பாட்டு. நம் வரிசை அறுபதில் ஆரம்பித்து நூற்றுப் பத்து, இருபது வரை ஏறினால் போதும்.

கடைசிப் பாட்டு மத்யமாவதி. கச்சேரியை மங்களமாக முடிக்கிற ராகம், வீட்டிலும் அதற்கே அந்த இடத்தைக் கொடுத்துவிடலாம்.

ஷஃபிளை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் இத்தனை பாடும் வீண். சில செயலிகளில் இலவசக் கணக்கில் வரிசைப்படி ஓடாது. அப்படியானால் யூடியூபில் பிளேலிஸ்ட்டாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு பாட்டோடு ஒரு ஆளின் நினைப்பு ஒட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் அதற்கு இந்த வரிசையில் இடமில்லை.

பிடித்த பாட்டின் உச்சத்தில் சிலிர்க்கிறதே, அப்போது மூளையில் டோபமைன் என்ற இன்பம் தரும் ரசாயனம் சுரப்பதை மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். குன்னக்குடியும் ராக ஆராய்ச்சி மையத்தின் வழியாக இசைச் சிகிச்சையில் ஈடுபட்டவர். அதற்காக, இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் மூட்டுவலிக்கு என்று வாட்ஸாப்பில் சுற்றுகிற பட்டியலை நம்பாதீர்கள். பாட்டு ஒரு சாயங்காலத்தைத் திருப்பும். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லாமல் மனசு கிடந்தால் டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் 14416 எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது.

படி 5: காது

வாரத்துக்கு நாற்பது மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போன் சிவப்பு எச்சரிக்கை காட்டினால் மதியுங்கள். நிகழ்ச்சியில் ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், காதுக்குள் வைக்கிற ஃபோம் அடைப்பான் மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

படி 6: வளவில் கூடிக் கேளுங்கள்

ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் மண்டபம் எதற்கு? செட்டிநாட்டு வீட்டு வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீடு, போதும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், வழுவழுவென்று சுண்ணாம்புப் பூச்சு போட்ட சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும், வரிகள் குழம்பிவிடும். தரையில் கனமான ஜமக்காளம் விரியுங்கள். ஸ்பீக்கரை மூலையில் வைக்காதீர்கள், மூலையில் வைத்தால் பேஸ் மட்டும் உறுமும். சுவரைவிட்டு இரண்டு முழம் தள்ளி, முக்காலி மேல், காது உயரத்தில் வையுங்கள். எதிர்ச் சுவரில் கொடி கட்டி இரண்டு பழைய சேலையைத் தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் கிராமபோனும் இசைத்தட்டும் கண்ணில் பட்டால் வாங்க ஆசை வரும். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் கனமான பழைய தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடும். சாவி கொடுக்கிற பெட்டியின் இரும்பு ஊசியில் பின்னால் வந்த எல்.பி. தட்டைப் போட்டுவிடாதீர்கள், ஒரே ஓட்டத்தில் பள்ளத்தை உழுதுவிடும்.

இரண்டு வரிசைப் பாட்டுக்கு நடுவில் வீட்டு ஆச்சிக்கும் ஒரு முறை கொடுங்கள். "ஆச்சி, ஒரு தாலாட்டு எடுத்து விடுங்களேன்" என்று கேட்டால் முதலில் குரல் போச்சு என்பார்கள். மின்விசிறியை அணைத்து, போனை ஒரு முழத் தூரத்தில் கவிழ்க்காமல் வைத்து, பதிவை ஓடவிட்டுப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மாமன் பெயரெல்லாம் வரிசையாக வரும். பதிவின் பெயரில் பாடியவர், ஊர், தேதி மூன்றையும் போட்டு, வெளியே போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முற்றத்தில் ஸ்பீக்கர் வைத்தால் இரவு பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை, தவிர பொதுச் சுவரோடு கட்டிய வீட்டில் பக்கத்து வீட்டு அப்பத்தா எட்டரைக்கே படுத்துவிடுவார்.