பீங்கான் பொம்மைக்குப் பழைய வெண்கலத் தோற்றம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் பழைய பித்தளைக் குத்துவிளக்கு இருந்தால், பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். புளி போட்டுத் தேய்க்கும் கை படுகிற மேடுகள் பளபளக்கும். விரல் நுழையாத இடுக்குகளில் கறுப்பு தங்கியிருக்கும். பிஸ்க், அதாவது கிளேஸ் என்னும் கண்ணாடி போன்ற மேல்பூச்சு இல்லாமல் ஒருமுறை மட்டும் சுட்ட பீங்கான் பொம்மைக்குப் பழைய உலோகத் தோற்றம் தருவது, இந்த மேடு பள்ளக் கணக்கை அக்ரிலிக் வண்ணத்தில் எழுதிக் காட்டுவதுதான். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வந்தவை.

ஆனால் சில தவறுகள் வண்ணத்துக்கு முன்பே நடந்துவிடுகின்றன. அச்சில் வார்த்த பொம்மையின் பக்கவாட்டில் ஓர் இணைப்புக் கோடு ஓடும். உலோக வண்ணம் அதை மறைத்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். மினுமினுப்பு அதை இன்னும் எடுத்துக் காட்டும். ஈர உப்புத்தாளால் தேயுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. பிஸ்க் நுண்துளைகள் நிறைந்தது. தண்ணீரை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். துடைத்த பிறகு ஒரு நாளாவது உலரவிடாமல் பூசினால், வண்ணம் பின்னால் உரியும்.

வெள்ளைப் பிஸ்க்கின் மேல் நேரடியாகத் தங்க வண்ணம் பூசுவது அடுத்த தவறு. இந்த வண்ணங்களில் பெரும்பாலும் இருப்பவை மைக்காத் துணுக்குகள். அவை அடியில் உள்ள நிறத்தை முழுதாக மறைக்காது. அதனால் வெள்ளை தெரிந்து, தங்கம் வெளிறிப்போகும். வெள்ளிக்குக் கறுப்பு, வெண்கலத்துக்கு அடர் பழுப்பு, தங்கத்துக்குச் செங்காவி என்று அடிவண்ணம் பூசுங்கள். ஐரோப்பாவில் தங்கத்தாள் ஒட்டிய கைவினைஞர்கள் பல நூற்றாண்டுகளாக அடியில் செந்நிறக் களிமண் பூசிவந்தார்கள். மேலே தங்கம் தேய்ந்த இடத்தில் அந்தச் சிவப்பு எட்டிப்பார்க்கும் அழகே தனி. ஒரே தடிப்பான பூச்சு வேண்டாம், செதுக்கல் அடைபட்டுப்போகும். மெல்லியதாக இரண்டு பூச்சு போதும்.

இனி உலர் பிரஷ் வேலை. பலரும் தடுமாறும் இடம் இதுதான். நெற்றிப்பட்டம் கட்டிய ஒரு யானைப் பொம்மையை எடுத்துக்கொள்வோம். பிரஷ்ஷின் நுனியில் வெண்கல வண்ணத்தைத் தொட்டு, அதைப் பழைய செய்தித்தாளில் தேய்த்துக்கொண்டே இருங்கள். 'வண்ணமே தீர்ந்துவிட்டதே' என்று தோன்றும்போதுதான் அது தயார். இப்போது பட்டத்தின் மணிகளுக்குக் குறுக்காக லேசாக ஓட்டுங்கள். ஒவ்வொரு மணியின் உச்சியிலும் ஒளி ஏறும், இரண்டு மணிகளுக்கு நடுவே பழுப்பு அப்படியே நிற்கும். செதுக்கிய கோட்டின் போக்கிலேயே பிரஷ் ஓட்டினால் வண்ணம் பள்ளத்தில் வழிந்து, எல்லாம் ஒரே தட்டையாகிவிடும். பொறுமையில்லாமல் அதிக வண்ணம் எடுப்பதுதான் இங்கே பெரிய எதிரி.

சிலர் தலைகீழாகச் செய்வார்கள்: முழுவதும் உலோக வண்ணம் பூசிவிட்டு, அதன் மேல் கரும்பழுப்பைத் தடவித் துடைப்பார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் இடையில் ஒரு வார்னிஷ் பூச்சு கொடுக்காவிட்டால் வண்ணம் கறுப்பை உறிஞ்சிக்கொள்ளும், துடைத்தாலும் திட்டுத்திட்டாக நிற்கும். பொம்மை முழுவதும் தடவிவிட்டுத் துடைக்கத் தொடங்காதீர்கள். உள்ளங்கை அளவு இடமாக எடுத்துக்கொள்ளுங்கள். துணியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு துடையுங்கள். கசங்கிய துணி இடுக்குக்குள் புகுந்து, அங்கே நிற்கவேண்டிய கறுப்பையும் எடுத்துவிடும்.

செம்புக் களிம்பின் பச்சையைக் கண்ட இடமெல்லாம் தீட்டுவதும் கண்ணை உறுத்தும். யானையின் காது மடிப்பு, கால் நகங்களின் இடுக்கு என்று நீர் தங்கக்கூடிய இடங்களில் மட்டும் வையுங்கள்.

கடைசிப் பூச்சுக்கு நடுத்தர மினுமினுப்புள்ள வார்னிஷ்தான் என் தேர்வு. முழுப் பளபளப்பு பிளாஸ்டிக் போல ஆக்கிவிடும், முழு மங்கல் உலோகத்தின் ஒளியையே அணைத்துவிடும். எந்த வார்னிஷ் போட்டாலும், இப்படி வண்ணம் தீட்டிய கிண்ணத்தில் உணவு வைக்கக் கூடாது. பூச்சாடியாக இருந்தால் உள்ளே தண்ணீருக்குத் தனியாக ஒரு கண்ணாடிக் குவளை வையுங்கள்.