சிறிய இடத்து ஹாம் ஆன்டெனா: மலை வீடுகளில் நேரும் தவறுகள்

குன்னூரில் சரிவில் கட்டிய வீடுகளுக்குக் கொல்லை என்பது, மேல் வீட்டின் தடுப்புச் சுவருக்கும் நம் சமையலறைக்கும் நடுவே எஞ்சிய ஆறேழு அடிதான். ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியின் 40 மீட்டர் பேண்டில் (அலைநீளம் சுமார் 40 மீட்டர்), 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த அரை அலைநீளக் கம்பி, கட்டவோ ஏறத்தாழ 20 மீட்டர் கம்பி வேண்டும். ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி மலைச் சரிவில் சாவகாசமாகப் படுத்திருக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே ஆன்டெனாவைச் சுருக்குகிறோம். சுருக்குவதில் பிழையில்லை. சுருக்கிய பிறகு, வானொலிச் செட்டிலிருந்து கிளம்பும் சக்தி எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்காமல் விடுவதில்தான் பிழைகள் தொடங்குகின்றன.

அவற்றில் முதலாவது, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனா ஏற்காமல் திரும்பி வரும் சக்தியை அளப்பது; 1.0 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.2 காட்டினால் ஆன்டெனா நன்றாக வேலை செய்கிறது என்று நம்பிவிடுவது. சக்தியை வெறும் வெப்பமாக்கிவிடும் டம்மி லோடும் 1.0 காட்டும், அதை வைத்துக்கொண்டு யாரும் அடுத்த தெருவுக்குக்கூடப் பேச முடியாது. ஓர் ஐப்பசி மழைக்குப் பின் என் ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர். தானாகவே குறைந்தது கண்டு நான் மகிழ்ந்தேன். ஆனால் வழக்கமாகத் தெளிவாகக் கேட்கும் சென்னை நண்பர்களின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. சந்தேகப்பட்டு, வெளியே இருந்த கனெக்டரை ஒட்டிக் கோஆக்ஸ் கேபிளின் (நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் கம்பி கொண்டது) மேலுறையைக் கீறிப் பார்த்தபோது, பின்னல் கம்பி கறுத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. நீர் புகுந்த கேபிள், போகும் சக்தியையும் திரும்பி வரும் சக்தியையும் ஒருசேர விழுங்கியதால்தான் மீட்டர் அழகான எண்ணைக் காட்டியிருக்கிறது. மாதக்கணக்கில் பனிமூட்டம் நிற்கும் இந்த ஊரில், வெளியே உள்ள ஒவ்வொரு கனெக்டருக்கும் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றுவதும், நீர் வழிந்து சொட்டுவதற்குக் கேபிளைச் சற்றுத் தாழத் தொங்கவிட்டு வீட்டுக்குள் எடுப்பதும் கட்டாயம்.

இடமே இல்லாதவர்கள் அடுத்துத் தேடுவது மேக்னடிக் லூப் என்னும் வளைய ஆன்டெனா. ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டம் பால்கனியில் அடங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் 7.1 மெகாஹெர்ட்ஸில் அந்த வட்டத்தின் கதிர்வீச்சுத் தடை (சக்தி அலையாக வெளியேறும் அளவைக் குறிப்பது) சுமார் 0.006 ஓம் மட்டுமே. 22 மில்லிமீட்டர் செம்புக் குழாயில் செய்தாலும் சக்தியை வெப்பமாக வீணாக்கும் குழாயின் சொந்தத் தடை அதைப்போல ஐந்து மடங்கு வருகிறது. எனவே கொடுக்கும் சக்தியில் ஆறில் ஒரு பங்குகூடக் காற்றில் ஏறுவது கடினம். இந்தக் கணக்கை அறியாமல், குழாயின் மூட்டுகளைப் போல்ட்டு போட்டு முடுக்கிவிட்டுத் திருப்தியடைகிறார்கள். அந்த மூட்டில் 0.01 ஓம் தடை இருந்தாலே அது கதிர்வீச்சுத் தடையைவிட அதிகம்; மூட்டுகளைச் சோல்டர் செய்தே ஆக வேண்டும். லூப்பை அலைவரிசைக்கு இசைக்க, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய தகட்டுக் கண்டென்சரைப் பொருத்துவது இன்னொரு தவறு. 100 வாட் கொடுத்தால் அதன் தகடுகளுக்கிடையே ஐயாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும். பொறி பறந்து தகடு கருகும். அதே காரணத்தால் அனுப்பும்போது லூப்பை நெருங்கக் கூடாது. குழந்தைகள் விளையாடும் பால்கனி அதற்கு ஏற்ற இடமன்று. என்னைக் கேட்டால், 10 மீட்டர் கம்பிக்கு வழியிருக்கும் வீட்டில் 40 மீட்டர் பேண்டுக்கு லூப் வேண்டியதேயில்லை. அந்தப் பேண்டுக்கு வேண்டிய 20 மீட்டர் கம்பியையும், நடுப்பகுதியை நேராக இழுத்து, நுனிகளைக் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ மடக்கிக் கட்டிவிடலாம். மின்னோட்டம் நடுவில்தான் மிகுதி என்பதால், நுனி மடங்குவதால் இழப்பது சொற்பம்.

ஆனால் அந்தக் கம்பியைத் தகரக் கூரைக்கு ஒரு சாண் மேலே ஓட்டாதீர்கள். தகரத்தில் எதிர்த்திசையில் தூண்டப்படும் மின்னோட்டம் கதிர்வீச்சைப் பெருமளவு அழித்துவிடும்.

ஒரு முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பியை, மின்மறுப்பை 49-க்கு 1 எனக் குறைக்கும் டிரான்ஸ்பார்மருடன், கற்பூர மரத்துக்கு இழுத்துக் கட்டுவோரும் உண்டு. மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழியாகும் எதிர்க்கம்பி எதுவும் தேவையில்லை என்ற விளம்பரத்தை நம்பினால், கேபிளின் மேல்பின்னலே எதிர்க்கம்பியாகி, அறைக்குள் மைக்கைத் தொட்டால் சுரீரென்கும். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரின் இரைச்சலும் அதே வழியாகச் செட்டுக்குள் வரும். இரண்டு மீட்டர் எதிர்க்கம்பி ஒன்றைச் சேர்த்து, வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைப் பெரைட் என்னும் காந்தப்பொருள் வளையத்தில் பத்து சுற்று சுற்றினால் தொல்லை பெரும்பாலும் அடங்கும்.

உயரத்தைப் பற்றியும் வீண் கவலை உண்டு. ஐந்து மீட்டர் உயரத்தில் கட்டிய 40 மீட்டர் டைபோல் அலையைப் பெரும்பாலும் செங்குத்தாக மேலே அனுப்புகிறது; அது வானின் அயனி மண்டலத்தில் பட்டு அருகிலுள்ள ஊர்களுக்குத் திரும்பி இறங்குகிறது. பகலில் மதுரையுடனும் சேலத்துடனும் பேச அதுவே ஏற்றது, இடையில் மலை மறித்தாலும் பரவாயில்லை. ஐரோப்பா கேட்கவில்லை என்று அதைக் குறைகூறுவது நியாயமன்று.

சரிவில் இன்னோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: மேல் சாலையின் மின்கம்பிகள் பல இடங்களில் நம் கூரை மட்டத்திலேயே ஓடுகின்றன. மரக்கிளைக்குக் கயிறு வீசுமுன், கயிறோ கம்பியோ அறுந்து காற்றில் பறந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். சித்திரை மாதத்துப் பிற்பகல்களில் இடி கேட்பதற்கு முன்பே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி, ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவது என் வழக்கம்.