கால்குலேட்டரில் சூரியனைப் போட்டுப் பார்க்கலாம், வாங்க

சூரியன் எரிகிறது என்று சொல்லியே பழகிவிட்டோம். நிலக்கரி போல உண்மையிலேயே எரிந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் கதை முடிந்திருக்கும். ஆனால் அதன் வயது 460 கோடி ஆண்டு. இந்தக் கணக்கு எப்படி ஒத்துவருகிறது? அங்கே நடப்பது எரிவதல்ல, ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாவது. தாள், பேனா, கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

படி 1: எடை போடுங்கள்

ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை 1.0078 அலகு (அணுக்களை எடைபோடும் தனி அலகு). நான்கைக் கூட்டினால் 4.0312. அந்த நான்கும் இணைந்து உருவாகும் ஹீலியம் அணுவோ 4.0026தான். 0.0286 குறைகிறது, அதாவது நூற்றுக்கு 0.7 பங்கு. நகைக்கடையாக இருந்தால் சேதாரம் என்று பில்லில் போட்டுவிடுவார்கள். சூரியனில் இந்தச் சேதாரம்தான் வெயில். 1920இல் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் கையில் எடுத்தது இந்தச் சின்னக் குறைவைத்தான்.

படி 2: சேதாரத்தை ஆற்றலாக்குங்கள்

நிறையை ஒளிவேகத்தால் இரண்டு முறை, அதாவது 9 × 10¹⁶ஆல், பெருக்க வேண்டும். 1 கிலோ ஹைட்ரஜனில் 0.007 கிலோ மறைகிறது. 0.007 × 9 × 10¹⁶ = 6.3 × 10¹⁴ ஜூல். சூரியன் நொடிக்கு வெளிவிடுவது 3.8 × 10²⁶ ஜூல். வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன்! அதில் 42 லட்சம் டன் ஆற்றலாகவே போய்விடுகிறது.

படி 3: நான்கையும் சேர்த்து வையுங்கள்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு புரோட்டான்தான். நான்கு புரோட்டான்களும் ஒரே நேரத்தில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை.

முதலில் இரண்டு. இரண்டுக்கும் நேர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். சூரியனின் நடுவில் வெப்பம் 1.5 கோடி டிகிரி. அந்த வெப்பம் தரும் வேகமும் போதாது. சுவரேறிக் குதிக்க முடியாதவர் சுவருக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வருவதுபோல, அணுவுலகின் குவாண்டம் விதிப்படி சில புரோட்டான்கள் நுழைந்துவிடுகின்றன. இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ் 1928இல் கண்ட வழி இது. நுழைந்தாலும் போதாது, அந்தக் கணத்திலேயே ஒன்று மின்னூட்டமில்லாத நியூட்ரானாக மாற வேண்டும். இது அபூர்வத்திலும் அபூர்வம். ஒரு புரோட்டான் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டு காத்துக் கிடக்கிறது.

அது நடந்துவிட்டால் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்டீரியம் கிடைக்கும். அப்புறம் எல்லாம் மளமளவென்று. சில நொடிகளில் இன்னொரு புரோட்டானைப் பிடித்து, மூன்று துகள் கொண்ட ஹீலியம்-3 ஆகும். இரண்டு ஹீலியம்-3 மோதினால் ஒரு ஹீலியம்-4, கூடவே இரண்டு புரோட்டான்கள் திரும்பக் கிடைக்கும். ஆறு போட்டு இரண்டு மீதி, செலவு நான்கு. சூரியனில் பெரும்பகுதி ஆற்றல் வருவது இந்தத் தொடரில்தான். விண்மீன்களின் அணுக்கரு வினைகளை விளக்கியதற்காக ஹான்ஸ் பேத்தேவுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது.

படி 4: உங்களோடு ஒப்பிடுங்கள்

எனக்குப் பிடித்த கணக்கு இது. சூரியனின் நிறை 2 × 10³⁰ கிலோ. கிலோவுக்கு எவ்வளவு? சுமார் 0.0002 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் 70 கிலோ ஆள் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறார், கிலோவுக்கு 1.4 வாட். எடைக்கு எடை பார்த்தால் நீங்கள் சூரியனைவிட 7000 மடங்கு சூடான அடுப்பு! படி 3இல் பார்த்த அந்த முதல் சந்திப்பு அவ்வளவு மந்தமாக நடப்பதால்தான் சரக்கு இத்தனை காலம் தாங்குகிறது.

படி 5: சரிபாருங்கள்

நடுவில் பிறந்த ஒளி தட்டுத்தடுமாறி மேற்பரப்புக்கு வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். இந்த வினையில் கூடவே பிறக்கும், எதிலும் சிக்காத நுண்துகளான நியூட்ரினோ அப்படியில்லை, எட்டே நிமிடத்தில் இங்கே வந்துவிடும். அந்த முதல் சந்திப்பில் பிறக்கும் நியூட்ரினோக்களையே இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கடியில் இருந்த போரெக்ஸினோ கருவி பிடித்துக் காட்டியது; முடிவு 2014இல் வெளியானது.

இப்போது கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்குச் சுமார் 6500 கோடி நியூட்ரினோக்கள் அதைத் துளைத்துப் போகின்றன. ராத்திரியில் பார்த்தாலும் இதே எண்ணிக்கைதான். அப்போது பூமியைத் துளைத்துக்கொண்டு கீழேயிருந்து வரும்.