பவர் ஆட்டோமேட்டில் ஃப்ளோவை நிறுத்தும்போது செய்யக்கூடாதவை

அலுவலக வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டில் ஃப்ளோ (படிப்படியாக ஓடும் செயல்களின் தொடர்) அமைப்பவர்கள், அது எப்போது தொடங்க வேண்டும் என்பதை நன்றாக யோசிக்கிறார்கள். எங்கே, எந்த நிலையில் முடிய வேண்டும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. கணக்குப் பிரிவுக்குத் தலைவலி தருபவை பெரும்பாலும் இந்த முடிவிடங்கள்தான்.

முதல் தவறு, ஃப்ளோவை அந்த இடத்திலேயே நிறுத்தும் ‘டெர்மினேட்’ செயல் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும் என்று நம்புவது. ஒரு பில் வருகிறது. ஒரு கிளையில் தொகையைச் சரிபார்க்கிறீர்கள்; இணையாக ஓடும் மற்றொரு கிளை, பில் ஏற்கப்பட்டதாக விற்பனையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. தொகை பொருந்தவில்லை, டெர்மினேட் இயங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் செயல்களை அது ரத்து செய்யும், மீதியைத் தவிர்க்கும், முடிந்ததைத் தொடாது. போன மின்னஞ்சல் போனதுதான். மைக்ரோசாஃப்டின் தகவல் பகிர்வுத் தளமான ஷேர்பாயிண்டின் பட்டியலில் எழுதிய வரியும் அப்படியே இருக்கும். ஆகவே சரிபார்ப்பு முழுவதையும் முன்னால் வையுங்கள். வெளியாளைச் சென்றடையும் எந்தச் செயலும் அதற்குப் பிறகே வரட்டும்.

டெர்மினேட்டில் தேர்ந்தெடுக்கும் நிலையும் முக்கியம். செய்ய வேலை எதுவும் இல்லாத நாளில் ‘தோல்வி’ என்று முடித்தால், இயக்க வரலாறு சிவப்பால் நிரம்பும். உண்மையான கோளாறு அதில் புதைந்துவிடும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. முந்தைய படி எப்படி முடிந்தால் அடுத்தது ஓட வேண்டும் என்று குறிக்கும் ‘ரன் ஆஃப்டர்’ அமைப்பில் பிழையைப் பிடித்து, எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பி, அத்துடன் விட்டுவிடுகிறார்கள். கடைசிச் செயல் நன்றாக முடிந்ததால் முழு ஓட்டமும் ‘வெற்றி’ என்றே பதிவாகும். பிழை கையாளும் பகுதியின் இறுதியில் தோல்வி நிலையுடன் ஒரு டெர்மினேட் கட்டாயம் இருக்க வேண்டும்.

பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் அதே வேலையைச் செய்யும் ‘அப்ளை டு ஈச்’ சுழற்சிக்குள் டெர்மினேட்டை வைக்க முடியாது. நடுவில் வெளியேறும் வசதியும் அதில் இல்லை. தேவையான வரிகளை முன்பே வடிகட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு மாறியில் குறித்துவைத்து, சுழற்சி முடிந்ததும் நிறுத்துங்கள்.

ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை திரும்பத் திரும்ப ஓடும் ‘டூ அன்டில்’ சுழற்சி இன்னும் நுட்பமானது. இயல்பாக அதற்கு 60 சுற்று, ஒரு மணி நேரம் என்று இரண்டு வரம்புகள் உண்டு. எது முந்தினாலும் சுழற்சி நிற்கும். நிபந்தனை நிறைவேறாவிட்டாலும் அடுத்த படி, எதுவும் நடக்காததுபோலத் தொடரும். ஆதலால் வெளியே வந்தவுடன் அதே நிபந்தனையை மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

ஒப்புதலுக்குக் காத்திருக்கும் ஃப்ளோவுக்கு உச்சவரம்பு 30 நாள். மேலாளர் நீண்ட விடுப்பில் போனால் முழு ஓட்டமும் அதோடு முடிந்துவிடும், நினைவூட்டல் அனுப்பும் படிக்கு வாய்ப்பே இருக்காது. ஒப்புதல் செயலின் அமைப்பில் காலவரம்பை ‘பி28டி’ (P28D, அதாவது 28 நாள்) போலக் குறைத்து வையுங்கள். அடுத்த படியின் ரன் ஆஃப்டரில் ‘காலாவதியானது’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். மிஞ்சும் இரண்டு நாளில் கோரிக்கையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாம்.