ஸ்ப்ளங்க்ல பேட்ச் இன்புட் போடறது எப்படி (ஃபைலை முழுங்கிடும், பாத்து செய்யுங்க)

ஸ்ப்ளங்க்ல (சர்வர் லாக் எல்லாத்தையும் சேத்து வச்சு தேடற சாஃப்ட்வேர்) லாக் ஃபைலை உள்ள இழுக்கணும்னா எல்லாரும் மொதல்ல கைய வைக்கிறது மானிட்டர் இன்புட்ல தான், ஃபைல் கடைசில புது வரி சேர சேர அது படிச்சுக்கிட்டே இருக்கும், ஃபைல் இருந்த இடத்துலயே இருக்கும். பேட்ச் அந்த ரகம் இல்ல. முழு ஃபைலையும் ஒரே மூச்சுல படிக்கும், படிச்சு முடிச்சதும் டிஸ்க்ல இருந்து அழிச்சுடும். ரீசைக்கிள் பின், ட்ராஷ் எதுவும் கிடையாது, போனா போனது தான்.

அப்போ எதுக்கு இத வச்சிருக்காங்கன்னா, ராத்திரி ராத்திரி இன்னொரு சிஸ்டம் எஸ்எஃப்டிபில (நெட்வொர்க்ல ஃபைல் அனுப்பற வழி) கொண்டு வந்து கொட்டற ஃபைல், பழைய ஆர்க்கைவ் டம்ப், இந்த மாதிரி இனிமே வளரவே போறதில்லங்கற ஃபைலுக்குத்தான். இதுக்கு மானிட்டர் போட்டா ஃபோல்டர்ல ஆயிரக்கணக்குல ஃபைல் சேந்து, டிஸ்க் நெறஞ்சு, கடைசில க்ளீன் பண்ண தனியா ஒரு க்ரான் ஜாப் (குறிச்ச நேரத்துல தானா ஓடற வேலை) எழுதிட்டு இருப்பீங்க. ஓடிட்டு இருக்கற அப்ளிகேஷனோட லைவ் லாக் மேல மட்டும் பேட்ச் வச்சிடாதீங்க.

வெப் ஸ்க்ரீன்ல இதுக்கு ஆப்ஷன் தேடாதீங்க, இருக்காது. எதை எங்கிருந்து படிக்கணும்னு சொல்ற இன்புட்ஸ் டாட் கான்ஃப் ஃபைல்ல கையால தான் எழுதணும். டீஃபால்ட் ஃபோல்டர்ல இருக்கறத தொடவே கூடாது, அப்கிரேட் பண்ணா உங்க மாத்தம் எல்லாம் போயிடும். ஸ்ப்ளங்க் ஃபோல்டர்ல இருக்கற இடிசி, ஆப்ஸ்க்கு கீழ சின்னதா ஒரு ஆப் ஃபோல்டர் போட்டு, அதுக்குள்ள லோக்கல்ங்கற ஃபோல்டர்ல வச்சா நாளைக்கு நாலு சர்வருக்கு தள்ளறதும் ஈஸி. உள்ள எழுத வேண்டியது இவ்ளோ தான் (இங்க உச்சரிப்ப தான் போட்டிருக்கேன், நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க):

[பேட்ச்:///டேட்டா/டிராப்]
மூவ்_பாலிசி = சிங்க்ஹோல்
வைட்லிஸ்ட் = \.லாக்$
ரிகர்சிவ் = ஃபால்ஸ்
இண்டெக்ஸ் = டெஸ்ட்
சோர்ஸ்டைப் = ஃபயர்வால்_டம்ப்

மேல மூணு ஸ்லாஷ் எதுக்குன்னு கேப்பீங்க. ரெண்டு அந்த ஸ்டான்ஸாவோட (சதுர அடைப்புல ஆரம்பிக்கற பகுதி) வடிவம், மூணாவது லினக்ஸ் பாத்தோட ஆரம்பம். மூவ் பாலிசி வரி கட்டாயம், பேட்ச்னா அது இருந்தே ஆகணும், சிங்க்ஹோல்னு எழுதறது தான் "படிச்சுட்டு அழிச்சுக்கோ"ன்னு நீங்க போடற கையெழுத்து. ரிகர்சிவ் சும்மா விட்டா ட்ரூ தான், அதாவது உள்ள இருக்கற சப் ஃபோல்டருக்கும் எறங்கி மேயும், அங்க யாராவது பேக்கப்னு ஒன்னு வச்சிருந்தா அதுக்கும் அதே கதி. எந்த பேர் ஃபைல எடுக்கணும்னு சொல்ற வைட்லிஸ்ட் ரெஜெக்ஸ்ங்க (எழுத்து அமைப்ப வச்சு பொருத்தி பாக்கற முறை), சாதாரண ஸ்டார் இல்ல, அதனால புள்ளிக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் மறக்காதீங்க.

அந்த வைட்லிஸ்ட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கு, நெறய பேரு அடி வாங்கற எடம் இது தான். 2 ஜிபி ஃபைல் ஒன்னு நெட்வொர்க்ல மெதுவா வந்துட்டு இருக்கு, நடுவுல லைன் கொஞ்ச நேரம் தொங்குதுன்னு வைங்க, ஸ்ப்ளங்க் வந்த வரைக்கும் படிச்சுட்டு ஃபைல் முடிஞ்சதுன்னு நெனச்சு மூடிடும் (டைம் பிஃபோர் க்ளோஸ் டீஃபால்ட்டா வெறும் 3 செகண்ட்), அப்புறம் அழிப்பு. அதனால அனுப்பறவங்கள டாட் டிஎம்பி மாதிரி வேற பேர்ல எழுத சொல்லுங்க, முழுசா வந்தப்புறம் டாட் லாக்னு பேரு மாத்தட்டும். இல்லன்னா பக்கத்து ஃபோல்டர்ல எறக்கிட்டு எம்வி (ஃபைல நகர்த்தற கமாண்ட்) பண்ணுங்க, ஆனா ரெண்டும் ஒரே ஃபைல் சிஸ்டம்ல இருக்கணும், வேற டிஸ்க்னா எம்வியும் உள்ளுக்குள்ள காப்பி தான் பண்ணும், பிரச்சனை அப்படியே நிக்கும்.

பர்மிஷன்: ஃபைல படிக்க அனுமதி இருந்தா பத்தாது. லினக்ஸ்ல ஒரு ஃபைல அழிக்க அந்த ஃபோல்டர் மேல ரைட் வேணும், ஸ்ப்ளங்க் எந்த யூசர்ல ஓடுதோ அந்த யூசருக்கு. டிஎம்பி ஃபோல்டர் மாதிரி ஸ்டிக்கி பிட் போட்ட எடம்னா ரைட் இருந்தும் அடுத்தவங்க ஃபைல அழிக்க முடியாது.

இப்ப இண்டெக்ஸ் வரி, அதாவது படிச்ச டேட்டா ஸ்ப்ளங்க்குள்ள எங்க போய் சேரணுங்கறது (கீழ இருக்கற சோர்ஸ்டைப் அது எந்த வகை டேட்டான்னு சொல்றது). நான் ஒரு தடவ இதுல ஒரு எழுத்த மாத்தி அடிச்சுட்டு, ஃபோல்டர் காலியானத பாத்து ஆஹா வேலை செய்யுதுன்னு டீ குடிக்க போயிட்டேன். திரும்பி வந்து சர்ச் பண்ணா ஒன்னுமில்ல. இல்லாத இண்டெக்ஸுக்கு அனுப்பினா, லாஸ்ட் சான்ஸ் இண்டெக்ஸ்னு ஒன்னு செட் பண்ணாத வரைக்கும் இண்டெக்ஸர் (டேட்டாவ வாங்கி சேமிக்கற ஸ்ப்ளங்க் சர்வர்) அந்த ஈவென்ட்ஸ, அதாவது லாக் பதிவுகள, தூக்கி போட்டுடும், இங்க ஃபைலும் போச்சு. அதனால மொத வாரம் ஒரிஜினல் ஃபைல இந்த ஃபோல்டருக்குள்ள விடவே விடாதீங்க, காப்பிய மட்டும் போடுங்க. தேதி சரியா பிரியுதா, வரி வரியா ஒடையுதான்னு டெஸ்ட் இண்டெக்ஸ்ல பாத்துட்டு அப்புறம் நிஜ இண்டெக்ஸ் பேர மாத்துங்க.

சேவ் பண்ணிட்டு ஸ்ப்ளங்க்கோட 'பின்'ங்கற ஃபோல்டர்ல இருந்து ஸ்ப்ளங்க் ரீஸ்டார்ட் குடுங்க. அதுக்கு முன்னாடியே 'ஸ்ப்ளங்க் பிடூல் இன்புட்ஸ் லிஸ்ட் --டீபக்' அடிச்சா எந்த வரி எந்த ஃபைல்ல இருந்து வருதுன்னு காட்டிடும், வேற ஆப்ல யாராவது அதே பாத்துக்கு எழுதி வச்சிருந்தா இங்கயே மாட்டும். ரீஸ்டார்ட் ஆனதும் ஸ்ப்ளங்க் தன்னோட வேலைய பத்தி எழுதற ஸ்ப்ளங்க்டி டாட் லாக்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் படிச்சு முடிச்சேன்னு ஒரு வரி வரும். சின்ன சின்ன ஃபைலா லட்சக்கணக்குல வந்தா அந்த லாக்கே குப்பையாயிடும், அப்போ அதே ஸ்டான்ஸால லாக் ஆன் கம்ப்ளீஷன்ங்கற செட்டிங்க ஃபால்ஸ் பண்ணிக்கலாம்.

அதே லாக்ல நீங்க மானிட்டர் போட்ட ஃபைலுக்கும் 'பேட்ச்'னு வரி வந்தா பதறாதீங்க. 20 எம்பிக்கு மேல இருக்கற ஃபைல மானிட்டரே பேட்ச் ரீடர்ங்கற தனி த்ரெட்டுக்கு தள்ளி விடும், பேரு தான் ஒன்னு, அது எதையும் அழிக்காது.

ஒரே ஒரு ஃபைல ஒரே ஒரு தடவ ஏத்தணும்னா இவ்ளோ மெனக்கெடவே வேணாம், 'ஸ்ப்ளங்க் ஆட் ஒன்ஷாட்'னு ஃபைல் பேரோட அடிங்க, ஃபைலும் பத்திரமா அங்கயே இருக்கும்.