பனிமலையில் ஒரு சிறு தங்குமிடம்: சென்னையில் அமர்ந்து வரைபவர்களுக்கு

சென்னையில் வீடு வரைந்து பழகிய கை, வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே அழைக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், லடாக்கிலுள்ள லே போன்ற ஊரில், குளிர்கால இரவில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும்போது, அதே வழக்கம் உள்ளே தங்குபவர்களை வாட்டிவிடும். நான் முதன்முதலில் வரைந்த படத்திலும் வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிர்ச் சன்னல்கள் இருந்தன. அந்த வடக்குச் சன்னலை அழிப்பதிலிருந்துதான் என் பாடம் தொடங்கியது. இங்கே நான்கு பேர் தங்கக்கூடிய, நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இடம். 2010 ஆகஸ்டில் லேயில் கொட்டிய பெருமழையில், ஓடைகளின் வழியே சேறும் பாறையும் இறங்கி 200க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை என்பதை 2015 டிசம்பரைக் கண்ட சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓடை விரிந்து இறங்கும் வாயிலும், உதிர்பாறைச் சரிவின் அடியிலும், பனிச்சரிவு வரக்கூடிய செங்குத்தான சரிவுகளுக்குக் கீழும் கட்டக் கூடாது. குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்தில் தேங்குவதால், பள்ளத்தாக்கின் அடித்தரையைவிடச் சற்று மேலே, தெற்கு நோக்கிய சரிவே நல்லது.

அடுத்தது சூரியன். சென்னையில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. லேயில் அது ஆண்டு முழுவதும் தெற்கேதான் நிற்கும். டிசம்பர் நண்பகலில் 32 டிகிரி உயரத்திலும், ஜூனில் 79 டிகிரி உயரத்திலும் இருக்கும். ஆகவே அறையின் நீண்ட பக்கத்தைத் தெற்கு நோக்கி வைத்து, தரைப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதாவது மூன்று சதுர மீட்டர், இரட்டைக் கண்ணாடியை அந்தச் சுவரில் மட்டும் பொருத்த வேண்டும். சன்னலின் மேல்விளிம்பில் 30 சென்டிமீட்டர் சன்ஷேடு போதும்: ஜூன் நண்பகலில் அதன் நிழல் ஒன்றரை மீட்டர் கீழிறங்கிக் கண்ணாடியை மூடும், டிசம்பரில் 20 சென்டிமீட்டர்கூட மறைக்காது. எதிர்மலை அந்த 32 டிகிரியை மறைக்கிறதா என்று படம் வரைவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பகலில் வந்த வெப்பம் இரவில் கண்ணாடி வழியே வெளியேறாதபடி கனத்த திரையோ பலகையோ கட்டாயம் தேவை.

சுவருக்கு உள்ளூர் மண்ணே போதும் என்பது என் உறுதியான கருத்து. லடாக்கில் மழை மிகக் குறைவு என்பதால் வெயிலில் காய்ந்த, சுடாத மண் செங்கல்லும் இடித்து இறுக்கிய மண்சுவரும் அங்கே நிலைக்கின்றன. லேக்கு அருகே ஃபே கிராமத்திலுள்ள செக்மால் என்ற கல்வி அமைப்பின் வளாகம் இவ்வாறு மண்ணாலும் வெயிலாலும் குளிரைச் சமாளிப்பதற்கு நல்ல சான்று. இமாசலத்தின் மழை மிகுந்த பகுதிகளில் இதே மண்சுவர் நனைந்தால் கரையக்கூடும். அங்கே கல்லையும் தேவதாரு மரச்சட்டத்தையும் மாறிமாறி அடுக்கும் காட்குனி முறை நிலநடுக்கத்தையும் தாங்குகிறது. சிமென்ட்டை மலைமேல் சுமப்பது வீண்செலவு. கான்கிரீட் இறுகும் முன் அதிலுள்ள நீர் உறைந்தால் அதன் வலிமையே கெட்டுவிடும். மண்சுவர் வெப்பத்தைச் சேமிக்குமே தவிர நன்றாகத் தடுக்காது என்பதால், வடக்கு, கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு வெளிப்புறம் வைக்கோலோ கம்பளியோ அடைத்த உறை வேண்டும்.

கூரையில் தாராளம் காட்ட வேண்டும். படிந்து இறுகிய பனி கன மீட்டருக்கு 300 கிலோவும் அதற்கு மேலும் எடை கொள்ளும். நம் பன்னிரண்டு சதுர மீட்டர்க் கூரையில் ஒரு மீட்டர் பனி சேர்ந்தால் குறைந்தது 3.6 டன். பனி மிகுந்த இடத்தில் செங்குத்தான சரிவும் நெருக்கமான உத்திரங்களும் தேவை.

பலரும் தவறவிடுவது ஓதம். நான்கு பேர் உறங்கும் ஓர் இரவில் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் ஒரு லிட்டருக்கு மேல் நீர் காற்றில் கலக்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளர் நம்மூரில் வெளியே வியர்ப்பதைப்போல, அந்த ஈரம் சுவரின் குளிர்ந்த பகுதியை அடைந்ததும் நீராகி உறைந்து, அடைத்த கம்பளியைப் பாழாக்கும். ஆவியைத் தடுக்கும் பாலித்தீன் தாள் எப்போதும் சூடான பக்கத்தில் இருக்க வேண்டும். குளிரூட்டிய சென்னை அறைக்கு அது வெளிப்புறம், மலையில் உட்புறம். கதவுக்கும் அறைக்கும் நடுவே நம் பழைய வீடுகளின் ரேழியைப்போல ஒரு சிறு இடைவழி விட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அறை குளிர்ந்துபோகாது.

ஆனால் இடுக்குகளை அடைத்த அறையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். புகைபோக்கியும், யாராலும் மூட முடியாத இரண்டு துளைகளும், ஒன்று தரையருகே, ஒன்று கூரையருகே, இல்லாத வரைபடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மின்கலத்தை உறைக்குள், அறைக்குள்ளேயே வையுங்கள். லித்தியம் கலங்களை சுழி டிகிரிக்குக் கீழே மின்னேற்றினால் அவை கெடும்.

வடிவமைப்பைச் சென்னையிலேயே சோதிக்கலாம். வெளியே 33 டிகிரி, உள்ளே பனிக்கட்டி என்றால் வேறுபாடு 33 டிகிரி. லேயில் வெளியே சுழிக்குக் கீழே 18, உள்ளே 15 என்றாலும் அதே 33 டிகிரிதான், வெப்பம் போகும் திசை மட்டுமே மாறுகிறது. காசிமேட்டில் மீன் அடுக்கும் தெர்மாகோல் பெட்டிகளில் இரண்டை வாங்கி, இரண்டிலும் ஒரே எடை ஐஸ் வைத்து, உருகும் நீர் வடிய ஒரு துளை விட்டு, நிழலில் வையுங்கள். ஒன்றில் மட்டும் நான்கு இரும்பு போல்ட்டுகளைச் சுவரில் ஊடுருவச் செய்து, மூடியில் ஒரு கோடு அளவு இடைவெளி விடுங்கள். ஆறு மணி நேரம் கழித்து மிஞ்சிய ஐஸை எடையிடுங்கள். ஒரு மணிக்கு ஒரு கிலோ உருகினால் ஏறத்தாழ 93 வாட் வெப்பம் கசிகிறது என்று பொருள். ஓய்வாக இருக்கும் ஒரு மனிதரின் உடல் தருவதும் அவ்வளவே. இரண்டு பெட்டிகளின் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, உங்கள் வரைபடத்தில் உலோகம் சுவரை ஊடுருவும் இடங்களையும் கதவு நிலையின் இடுக்குகளையும் ஒவ்வொன்றாகத் தேடி அடையுங்கள்.